7700எக்ஸுக்கு ஏர் கூலர்: சிங்கிள் டவர் போதுமா, டூயல் டவர் போகணுமா?

கோடிங்ஆந்தை:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வாரமா கூலர் ரிவ்யூவா பாத்து மண்டை காஞ்சு போச்சு, ஒருத்தர் சொல்றத இன்னொருத்தர் இல்லங்கறாரு, அதான் இங்க கேட்டுடலாம்னு வந்தேன்.

என்கிட்ட இருக்கறது ஏஎம்டியோட ரைசன் 7 7700எக்ஸ் பிராசசர். பாக்ஸ்ல கூலர் வராது, அதனால பழைய சிஸ்டத்துல கிடந்த ஒரு சின்ன சிங்கிள் டவரையே (ஃபின்னுங்கற உலோகத் தகடு அடுக்கு ஒண்ணு, நாலு ஹீட் பைப், ஒரு 120 மி.மீ. ஃபேன்) கழட்டி, தொடச்சு, புது பேஸ்ட் போட்டு மாட்டிட்டேன். கேம் ஆடும்போது 78, 80 டிகிரி காட்டுது. பிளெண்டர்ல 3டி ரெண்டர் போட்டாலோ, பிராசசரை முழு வேகத்துல ஓட்டி பாக்கற சினிபெஞ்ச் டெஸ்ட் ஓட்டினாலோ பத்து செகண்டு கூட ஆகல, 95 தொட்டுட்டு அங்கயே உக்காந்துக்குது, நிறுத்தற வரைக்கும் இறங்கறதே இல்ல. சத்தம் கேக்கவே வேணாம், ஹெட்ஃபோன் போட்டாத்தான் உக்கார முடியுது.

பாத்து வச்சிருக்கறது: டீப்கூல் ஏகே400, தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ, அதே கம்பெனியோட ஃபேன்டம் ஸ்பிரிட் 120 எஸ்இ, அப்புறம் ஆசைக்கு ஒண்ணு, நாக்டுவா என்ஹெச்-டி15. கேபினெட் ஸ்பெக்ல கூலர் ஹைட் 160 மி.மீ. வரைக்கும்னு போட்டிருக்கு. ரேம் ரெண்டு ஸ்டிக், ஆர்ஜிபி லைட் வச்ச உசரமான டைப், ஸ்கேல் வச்சு அளந்தா 44 மி.மீ. வருது.

95லயே ஓடிட்டு இருந்தா பிராசசர் சீக்கிரம் போயிடுமா? ஏகே400 போதும்னா அதோட நிறுத்திக்கறேன், இல்ல ரெண்டு ஃபின் அடுக்கு வச்ச டூயல் டவர்தான் வேணுமா? ஹீட் பைப் எண்ணிக்கை பாத்து வாங்கறது சரியா?

பழையசாக்கெட்:

தம்பி மொதல்ல அந்த 95ஐ பாத்து பயப்படறத நிறுத்துங்க. 2022ல ரைசன் 7000 வந்தப்பவே ஏஎம்டி தெளிவா சொன்னதுதான், அந்த சிப்புங்க 95 வரைக்கும் போய் அங்கயே நிக்கற மாதிரிதான் டிசைன். பழைய பிராசசர்ல எல்லாம் இவ்வளவு கிளாக்னு ஒரு கணக்கு, அதுக்கு ஏத்த சூடு வரும். இதுல தலைகீழ். கரண்டுக்கு ஒரு லிமிட், சூட்டுக்கு ஒரு லிமிட், இந்த ரெண்டுல எது மொதல்ல வருதோ அது வரைக்கும் கிளாக்கை ஏத்திக்கிட்டே போகும். உங்க 7700எக்ஸ் டிடிபி (கம்பெனி சொல்ற சூட்டுக் கணக்கு) 105 வாட்னு போட்டிருப்பான், அத நம்பாதீங்க, நிஜமா சாக்கெட் வழியா இழுக்கக்கூடிய லிமிட் 142 வாட். ஏஎம்டியில டிடிபியை 1.35ஆல பெருக்கிக்கங்க, 65க்கு 88, 105க்கு 142, 170க்கு 230. கூலர் நல்லா இருந்தா 142 மொதல்ல வரும், வீக்கா இருந்தா 95 மொதல்ல வரும். உங்களுக்கு 95 முந்திக்குது, அவ்வளவுதான் விஷயம். போயிடாது.

அதனால ஒண்ணு பண்ணுங்க, ஹெச்டபிள்யூஇன்ஃபோங்கற சாஃப்ட்வேர் போட்டு, சினிபெஞ்ச் ஓடும்போது டிகிரியை விட்டுட்டு பேக்கேஜ் பவர் எத்தனை வாட், எல்லா கோரும் எத்தனை கிகாஹெர்ட்ஸ், இந்த ரெண்டை மட்டும் பாத்து சொல்லுங்க. 95லயே நிக்கற சிப்ல டிகிரி எதையும் சொல்லாது, வாட்தான் கூலரோட மார்க்.

இன்னொரு விஷயம், இந்த சிப்பை ஆத்தறது ஏன் இவ்வளவு கஷ்டம்னா, எட்டு கோரும் சேர்ந்த சிலிக்கான் துண்டு சுமார் 70 சதுர மி.மீ. தான், சுண்டு விரல் நகத்துக்குள்ள அடங்கிடும். அதுக்குள்ளருந்துதான் நூத்துக்கு மேல வாட் வெளிய வரணும். அது போதாதுன்னு மேல இருக்கற உலோக மூடி வேற தடிமன், முந்தின சாக்கெட்டான ஏஎம்4 கூலருங்க இந்த ஏஎம்5லயும் அப்படியே பொருந்தணும்னு உயரத்தை சமாளிக்க அப்படி வச்சாங்க. வாசல் குறுகலா இருக்கறப்ப உள்ள மண்டபம் எவ்வளவு பெருசா இருந்து என்ன? நாலு பைப்லருந்து ஆறு பைப் டூயல் டவர் போனா வித்தியாசம் நல்லாவே தெரியும், அதுக்கு மேல ராட்சச சைஸ் போனா ரெண்டு மூணு டிகிரிக்காக மல்லுக்கட்டறதுதான்.

பைப் எண்ணிக்கை பத்தி கேட்டீங்க. பைப்புங்கறது உள்ள காத்தை உறிஞ்சி எடுத்துட்டு கொஞ்சூண்டு தண்ணி விட்டு மூடின செம்புக் குழாய், அடியில ஆவியாகி மேல ஃபின் பக்கம் போய் ஆறி, உள் சுவர்ல இருக்கற திரி மாதிரியான பொருள் வழியா திரும்ப கீழ வரும். எத்தனை பைப்ங்கறதோட, எத்தனை பைப் அந்த சூடான இடத்துக்கு நேர் மேல வருதுங்கறதும் முக்கியம். ரைசன்ல அந்த துண்டு மூடிக்கு நடுவுல இல்ல, ஓரமா இருக்கு. நாக்டுவாகாரங்க இதுக்குன்னே கூலரை 7 மி.மீ. தள்ளி மாட்டற பட்டை தனியா விட்டாங்க, ஒண்ணுலருந்து மூணு டிகிரி குறையும்னு அவங்களே சொல்றாங்க.

உங்க லிஸ்டுல டி15 கனவை இப்பவே மறந்துடுங்க, 165 மி.மீ., உங்க கேபினெட் கதவு மூடாது. அதோட புது ஜி2 இன்னும் உசரம், 168. பியர்லெஸ் அசாசின் 155, ஃபேன்டம் ஸ்பிரிட் 154, ரெண்டும் தாராளமா உக்காரும். நாக்டுவாதான் வேணும்னா என்ஹெச்-யு12ஏ 158, ஏழு பைப், அருமையான ஐட்டம், ஆனா அந்த காசுக்கு மத்தது ரெண்டு மூணு வாங்கலாம்.

ரெண்டர்ராஜா:

எதுக்கு இந்த தலைவலி எல்லாம், 240 இல்ல 360 மி.மீ. ஏஐஓ (பம்பு வச்சு தண்ணி சுத்தற கூலர்) ஒண்ணு போட்டு விடுங்க ப்ரோ. பாக்கவும் கெத்தா இருக்கும், ரேம் இடிக்குமா கதவு மூடுமான்னு ஸ்கேல தூக்கிட்டு அலைய வேணாம். நான் 7950எக்ஸ் வச்சு நாள் முழுக்க ரெண்டர் ஓட்டறேன், ஏர் கூலர்ல அது ஆகாது.

பழையசாக்கெட்:

ராஜா உங்க சிப் 230 வாட் இழுக்கறது, அதுவும் ரெண்டு துண்டுல பிரிஞ்சு வருது, உங்களுக்கு ஏஐஓ நியாயம். இவருக்கு மொத்தமே 142, அதுவும் ஒரே துண்டுல. அந்த குறுகலான வாசல் தண்ணிக்கும் அதே குறுகல்தான், மேல என்ன வச்சாலும். தண்ணி சூடாக கொஞ்சம் நேரம் எடுக்கும், அதனால அஞ்சு நிமிஷ பெஞ்ச்மார்க்ல ஏஐஓ ரொம்ப அழகா தெரியும், அரை மணி நேரம் ஓடவிட்டு பாருங்க, இவ்வளவு வாட்டுக்கு பெரிய டூயல் டவர் பக்கத்துலயே வந்து நிக்கும். ஏஐஓல பம்பு ஒண்ணு கூடுதல் உறுப்பு, வருஷம் போகப் போக குழாய் வழியா தண்ணியும் கொஞ்சம் கொஞ்சமா குறையும். ஏர் கூலர்ல கெட்டுப் போறதுன்னா ஃபேன் ஒண்ணுதான், அத மட்டும் மாத்திட்டு அடுத்த பத்து வருஷம் ஓட்டலாம். டி15 2014ல வந்தது, அப்ப வாங்கினவங்க இன்னிக்கும் ஏஎம்5ல மாட்டி ஓட்டிட்டுதான் இருக்காங்க.

கெத்து விஷயத்துல நான் வாதாட வரல.

சத்தம்வேண்டாம்:

எல்லாரும் டிகிரி டிகிரின்னு பேசறீங்க, கேள்வி கேட்டவர் ஹெட்ஃபோன் போட்டாத்தான் உக்கார முடியுதுன்னு எழுதியிருக்காரே அத யாரும் கண்டுக்கல.

கூலர் ரிவ்யூ பாக்கறப்ப ஒரே ஒரு சார்ட் பாத்தா போதும், எல்லா கூலரையும் ஒரே சத்தத்துக்கு இறக்கி வச்சு அப்புறம் டிகிரி பாக்கற சார்ட். எல்லாத்தையும் ஃபுல் ஸ்பீடுல ஓட்டி அளந்தா அது ஃபேன் போட்டி, ஜெட் மாதிரி கத்தற ஃபேன் வச்சவன் ஜெயிப்பான், வீட்ல அந்த ஸ்பீடுல யாரு ஓட்டப்போறா? அப்புறம் அந்த ரிவ்யூ எடுத்த ரூம் எத்தனை டிகிரின்னு பாருங்க. ரூம் 21ல ஒருத்தர் எடுத்த 70ம், ரூம் 30ல உங்க வீட்ல வர்ற 79ம் ஒண்ணுதான். ஏர் கூலரால ரூம் சூட்டுக்கு கீழ போகவே முடியாது, அதுக்கு மேல எவ்வளவுங்கறதுதான் கணக்கு. நீங்க சொன்ன "ஒருத்தர் சொல்றத இன்னொருத்தர் இல்லங்கறாரு" பாதிக்கு மேல இந்த ரெண்டு விஷயத்துலதான் வருது.

இப்ப டூயல் டவரோட நிஜ லாபம் என்னன்னா சூடு குறையறது இல்ல, ஃபின் பரப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு இருக்கறதால அதே சூட்டை பாதி அவசரத்துல தள்ளிடலாம். பியர்லெஸ் அசாசின் ஃபேன் 1550 ஆர்பிஎம் வரைக்கும் போகும், நீங்க 1000ல பூட்டி வச்சாலும் கேமுக்கு தாராளம். ஏகே400 கெட்டது இல்ல, 7600 மாதிரி 88 வாட் சிப்புக்கு நான் கண்ண மூடிட்டு சொல்லுவேன், 142க்கு அது வேலை செய்யும் ஆனா கத்திக்கிட்டே செய்யும்.

வாங்கறதுக்கு முன்னாடியே ஃப்ரீயா பண்ணக்கூடியது ஒண்ணு, ஃபேன் கர்வ், அதாவது எந்த சூட்டுக்கு ஃபேன் எவ்வளவு வேகம்ங்கற கணக்கு. இந்த சிப் சின்னதுங்கறதால பிரவுசர்ல ஒரு டேப் திறந்தாலே 48லருந்து 67க்கு குதிக்கும், ஒரு செகண்டுல திரும்ப இறங்கிடும். ஃபேன் பாவம் அத நம்பி ஒவ்வொரு தடவையும் வ்ர்ர்ருனு ஏறி இறங்கும், மனுஷனுக்கு எரிச்சல் வர்றது தொடர்ந்து வர்ற சத்தத்தால இல்ல இந்த ஏத்த இறக்கத்தால. பயாஸ்ல ஃபேன் செட்டிங்ல போய் 70 டிகிரி வரைக்கும் ஒரே நேர்கோடா 40 சதவீதம் வைங்க, அப்புறம் ஸ்டெப் அப்னு ஒரு டிலே இருக்கும், அதை அஞ்சு செகண்டுக்கு மேல வைங்க. அவ்வளவு உலோகம் சூடாக நேரம் எடுக்கும், அஞ்சு செகண்டு ஃபேன் சும்மா இருந்தா ஒண்ணும் ஆகாது.

என் ஃபேன் ஒண்ணு (பேர் வேணாம்) சரியா 900 ஆர்பிஎம் வரும்போது மட்டும் கேபினெட்டோட சேர்ந்து ம்ம்ம்னு ஒரு முனகல் குடுக்கும், 850ல இல்ல, 950லயும் இல்ல. மூணு நாள் ராத்திரி காதை கேபினெட்ல வச்சு கண்டுபிடிச்சேன். கர்வ்ல அந்த 900ஐ தாண்டி குதிக்கற மாதிரி வச்சேன், சரியாப் போச்சு. வீட்ல என்னைய ஒரு மாதிரி பாத்தாங்க.

சும்மாவந்தவன்:

வாங்கறது இருக்கட்டும் பாஸ், டிஷ்யூ பேப்பர் ஒரு துண்டு கிழிச்சு கூலருக்கு முன்னாடி பிடிச்சு பாருங்க. கூலர் பக்கம் ஒட்டுதா, இல்ல உங்க மூஞ்சிக்கு பறக்குதா? பழைய கூலரை கழட்டி மாட்டினேன்னு சொன்னீங்களே, அதான் கேக்கறேன்.

கோடிங்ஆந்தை:

அண்ணா எல்லாருக்கும் நன்றி, மூணு நாள் கழிச்சு வரேன் ஆனா விஷயத்தோட வரேன். சிரிக்கக்கூடாது.

மொதல்ல பழையசாக்கெட் அண்ணா சொன்ன மாதிரி வாட் பாத்தேன். சினிபெஞ்ச் ஓடும்போது 95 டிகிரி, 109 வாட், எல்லா கோரும் 4.6 கிட்ட. அதாவது 142ல 109தான் இழுக்க முடியுது. சரி கூலர் சின்னது, அப்படித்தான் இருக்கும்னு நினைச்சுட்டு, சும்மாவந்தவன் சொன்னாரேன்னு ஒரு பேச்சுக்கு டிஷ்யூவை கூலருக்கும் ரேமுக்கும் நடுவுல பிடிச்சேன். கூலரோட ஒட்ட வேண்டிய பேப்பர் நேரா கேபினெட் முன்பக்கம் பாத்து படபடன்னு அடிச்சுக்குது. ஒரு நிமிஷம் புரியவே இல்ல. அப்புறம் டார்ச் அடிச்சு பாத்தா, ஃபேனை தொடச்சுட்டு திருப்பி மாட்டியிருக்கேன். குறுக்குக் கம்பி இருக்கற பக்கம் ரேமை பாத்து நிக்குது. முன்னாடி இருக்கற ரெண்டு கேபினெட் ஃபேனும் காத்தை உள்ள தள்ள, பின்னாடி ஃபேன் வெளிய இழுக்க, நடுவுல என் கூலர் ஃபேன் மட்டும் எதிர்த்துக்கிட்டு முன்பக்கம் ஊதிக்கிட்டு இருந்திருக்கு. நாலு மாசமா!

திருப்பி மாட்டிட்டு திரும்ப சினிபெஞ்ச் போட்டேன். 95 டிகிரி. அதே 95. ஒரு நிமிஷம் மனசே விட்டுப் போச்சு, இவ்வளவு பண்ணியும் ஒரு டிகிரி குறையலயேன்னு. அப்புறம்தான் பக்கத்து வரிசையை பாத்தேன், 126 வாட், 4.9 கிகாஹெர்ட்ஸ். டிகிரி மட்டும் பாத்திருந்தா ஒண்ணுமே மாறலன்னு மூடி வச்சுட்டு போயிருப்பேன். கேம்ல நேராவே தெரியுது, 80 இருந்தது இப்ப 70, 71.

சும்மாவந்தவன்:

சிரிக்கல.

(கொஞ்சம் சிரிச்சேன்.)

பழையசாக்கெட்:

இதுக்கு வெக்கப்படாதீங்க தம்பி, ஃபேனை திருப்பிப் போடாதவன் எவனும் இங்க இல்ல. குறுக்குக் கம்பி இருக்கற பக்கம் காத்து வெளிய போகும், அத ஞாபகம் வச்சிக்கிட்டா போதும். சில ஃபேன்ல சட்டத்து மேலயே சின்னதா அம்புக்குறி போட்டிருப்பான்.

இப்ப 126 வந்துடுச்சு, இதுவே போதும்னா புதுசு வாங்காமலும் இருக்கலாம். பயாஸ்ல பிபிஓங்கற (பவர் லிமிட்டை மாத்தற) மெனுவுக்குள்ள ஈகோ மோட் 65 வாட்னு ஒண்ணு இருக்கு, அத போட்டா லிமிட் 88 வாட்டுக்கு இறங்கிடும். ரெண்டர்ல இழக்கறது ரொம்ப கொஞ்சம்தான், ஏன்னா கடைசி அம்பது வாட்டும் கடைசி கொஞ்சம் மெகாஹெர்ட்ஸுக்குத்தான் எரியுது. கேம்ல வித்தியாசமே தெரியாது. ஒரு தடவை போட்டு பாத்துட்டு அப்புறம் வாங்கறதா வேணாமான்னு முடிவு பண்ணுங்க.

கோடிங்ஆந்தை:

போட்டேன் அண்ணா. சினிபெஞ்ச்ல 76 டிகிரி, பன்னெண்டு நிமிஷம் எடுத்த ரெண்டர் இப்ப பன்னெண்டரை கிட்ட எடுக்குது. இந்த அரை நிமிஷத்துக்காடா நாலு மாசம் காதை பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன்னு தோணுது.

ஆனாலும் ஃபேன்டம் ஸ்பிரிட் வாங்கத்தான் போறேன், பழைய ஃபேன் எப்படியும் கரகரங்குது. அடுத்த சந்தேகம் ரேம்தான், 44 மி.மீ. இருக்கே, முன் ஃபேன் இடிக்குமா? இடிச்சா என்ன பண்றது? அப்புறம் பழசை கழட்டறப்ப பிராசசரும் சேர்ந்து பிடுங்கிட்டு வந்துடும்னு பயமுறுத்தறாங்களே.

பழையசாக்கெட்:

பிடுங்கிட்டு வர்றது ஏஎம்4 கதை. அதுல பின் எல்லாம் பிராசசர் அடியில இருக்கும், பேஸ்ட் காஞ்சு ஒட்டிக்கிட்டா கூலரோட சேர்ந்து வந்துடும், அதனால சிஸ்டத்தை கொஞ்ச நேரம் ஓடவிட்டு சூடாக்கி லேசா திருகி எடுக்கணும். ஏஎம்5ல பிராசசரை மேல ஒரு இரும்பு சட்டம் அமுக்கிப் பிடிச்சிருக்கு, வராது. போர்டுக்கு பின்னாடி இருக்கற தகடும் சாக்கெட்டோட சேர்ந்தது, நாலு ஸ்க்ரூவை கழட்டினா முன்னாடி இருக்கற பிளாஸ்டிக் பட்டை மட்டும் வரும், தகடு கீழ விழுமோன்னு ஒரு கையால பின்னாடி பிடிச்சுக்கிட்டு சர்க்கஸ் பண்ண வேணாம்.

ரேமுக்கு: முன் ஃபேனை கிளிப்பை தளர்த்தி மேல தூக்கி மாட்டலாம், ஆனா எவ்வளவு தூக்கறீங்களோ அவ்வளவு உசரம் கூடும், உங்களுக்கு 154க்கும் 160க்கும் நடுவுல 6 மி.மீ. தான் இருக்கு. போதலன்னா அந்த முன் ஃபேனை எடுத்து ரெண்டாவது டவருக்கு பின்னாடி இழுக்கற மாதிரி மாட்டுங்க, திசையை மட்டும் பாத்து! அங்கயும் இடம் இல்லன்னா நடு ஃபேன் ஒண்ணோடயே ஓட்டுங்க. ரெண்டு மூணு டிகிரிதான் ஏறும், ஈகோ மோட்ல அதுகூட தெரியாது.

பேஸ்ட் நடுவுல கொஞ்சம் தாராளமா வைங்க, கஞ்சத்தனம் வேணாம். ஏஎம்5 மூடியில ஓரத்துல வெட்டு வெட்டா இருக்கும், அங்க பிதுங்கி போனாலும் கரண்ட் கடத்தாத சாதாரண பேஸ்டா இருந்தா ஒண்ணும் ஆகாது, தொடைக்கறதுதான் எரிச்சல். ரெண்டு ஸ்க்ரூவையும் மாத்தி மாத்தி ரெண்டு ரெண்டு சுத்தா முறுக்குங்க, ஒரு பக்கம் முழுசா முறுக்கிட்டு அடுத்த பக்கம் போனா கூலர் சாஞ்சு உக்காரும். ஃபின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், கிளிப் மாட்டறப்ப விரல் பத்திரம்.

சத்தம்வேண்டாம்:

ரெண்டு ஃபேன் ஒயரையும் கூட வர்ற ஸ்பிளிட்டர்ல சேர்த்து சிபியு ஃபேன்னு போட்ட ஹெட்டர்ல குத்துங்க. கேபினெட் ஃபேன் ஹெட்டர்ல குத்தினா அது வேற ஏதாவது சென்சாரை பாத்து ஓடிட்டு இருக்கும்.

கோடிங்ஆந்தை:

வந்துடுச்சு, மாட்டிட்டேன். முன் ஃபேன் ரேம்ல இடிச்சுது, 6 மி.மீ. தூக்கியும் பத்தல, அதனால பின்னாடி மாட்டிட்டேன், டிஷ்யூ வச்சு ரெண்டு தடவை செக் பண்ணேன். ஈகோ மோட் இல்லாம 142 வாட் முழுசா இழுக்குது, 88 டிகிரி, 5.1 கிகாஹெர்ட்ஸ். ஈகோ மோட் போட்டா 66. ஃபேன் 900 தாண்டறதே இல்ல. கையில ஒரே ஒரு கீறல்.

ஆனா இப்ப புதுசா ஒரு பிரச்சனை. இவ்வளவு நாள் கேக்காத ஒரு டிக் டிக் சத்தம், பழைய ஹார்ட் டிஸ்க்லருந்து வருது. முன்னாடியும் வந்திருக்கும் போல, ஃபேன் இரைச்சல்ல தெரியல. ராத்திரி அது ஒண்ணுதான் கேக்குது.

சத்தம்வேண்டாம்:

வாங்க வாங்க, நம்ம ஜாதியில சேர்ந்துட்டீங்க. முக்கியமான ஃபைல் எல்லாம் இன்னிக்கே காப்பி எடுத்துட்டு, அந்த டிக் டிக்குக்கு தனி திரெட் போடுங்க, நான் வரேன்.